ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

என் கையெழுத்து முத்துப் போல வடிவானது என்று எல்லோரும் சொல்வார்கள். பிரதேச சபைக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் முதலில் தலைவரைத் தேட மாட்டார்கள், என்னைத்தான் தேடுவார்கள். "செயலாளருக்கு ஆள் இருக்குத்தானே, பிறகென்ன" என்பார்கள். கடற்றொழிலாளர் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்று எத்தனை கொப்பிகள் என் கையால் நிரம்பியிருக்கும்! ஒரு அடித்தல், ஒரு வெட்டுக்கொத்து இருக்காது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது பேனையைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு வார்ட்டுகள், நம்பர்த் துண்டு எடுக்கிற ஒரு யன்னல், மருந்து கொடுக்கிற இன்னொரு யன்னல், புண்ணுக்கு மருந்து கட்டுகிற அறை, நீளமான ஒரு விறாந்தை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் விறாந்தையில் மணல் குவியும். காலையில் கூட்டினால் பத்து மணிக்குத் திரும்பவும் குவிந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்கு நீண்ட காலம் டொக்டர் இல்லாமல் இருந்தது. காய்ச்சல் என்றாலும் மன்னாருக்கு பஸ் ஏற வேண்டும். பிறகு ஒரு இளம் டொக்டர் வந்து சேர்ந்தார். வந்தவர் போகவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அவர் வந்த அடுத்த வருடம் மேல் கந்தோரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நிர்வாகக் குழு வேண்டும், ஒன்பது பேர், மாதத்துக்கொரு கூட்டம். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் அதே ஆஸ்பத்திரியில் மருந்து எடுப்பவர்களாக இருக்க வேண்டும். செயலாளர் ஒன்பதுக்கு வெளியே. அவருக்கு வாக்கு இல்லை, எழுதுகிற வேலை மட்டும். அந்த ஆள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

சுற்றறிக்கையை நான் மூன்று முறை வாசித்தேன். பழைய கந்தோர்க்காரன் அல்லவா, சட்டதிட்டம் என்றால் எனக்குத் தேத்தண்ணியோடு வடை மாதிரி. அதில் எழுதியிருந்த ஒரு பந்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு சேவையை நிறுத்துவதென்றாலோ நேரத்தைக் குறைப்பதென்றாலோ அந்த ஐந்து நோயாளர் பிரதிநிதிகளும் கூட்டறிக்கையின் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் எதிர்த்தாலும் அந்த எதிர்ப்பைக் காரணத்தோடு எழுத வேண்டும். எழுதினால் மேல் கந்தோரிலிருந்து ஆள் வந்து சனங்களைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு நடைமுறைக்கு வரும். ஒரே ஒருவர் சொன்னாலும் போதும். யாரோ நல்ல மனிசன் இருந்து எழுதியிருக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

குழுவை அமைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடற்றொழிலாளர் சங்கத்துத் தலைவரே இதற்கும் தலைவர். அவர் முதலில் கேட்டது, "மூண்டு பக்கமும் சரியா வருதோ?" என்றுதான். மூன்று பக்கம் என்றால் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர், சைவர். எங்கள் ஊரில் எதற்கும் முதலில் அதைத்தான் பார்ப்போம். பிழை சொல்ல முடியாது. யுத்தத்தில் ஓடினவர்களும் துரத்தப்பட்டவர்களும் கடல் கடந்து போய் முகாமில் கிடந்தவர்களும் ஒவ்வொரு காலத்தில் திரும்பி வந்து ஒரே வாங்கில் இருக்கிற ஊர் இது. மூன்று பக்கத்திலும் பெரிய மனிசரைப் போட்டு எட்டு இடங்களை நிரப்பியாயிற்று. பிறகுதான் நான் சுற்றறிக்கையைக் காட்டி, "அண்ணை, இதில ஐஞ்சு பேர் வருத்தக்காரரா இருக்கவேணும்" என்றேன்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்ன, கொப்பி போட்டாச் சரி" என்றார்.

ஒருநாள் காலை அந்த எட்டுப் பேரில் நாலு பெரிய மனிசரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு கிளினிக் கொப்பி போடுவித்தேன். அதில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பனடோல்கூட வாங்கியவர் அல்ல, தலையிடித்தாலும் மன்னாரில் தனியாரிடம்தான் போவார். டொக்டர் யன்னலுக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "நாலு பேருக்கும் ஒரே நாளில என்ன வருத்தம்?" என்று கேட்டார். "பதவி வருத்தம் டொக்டர், மருந்தில்லை" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

ஐந்தாவது இடத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்றும் சுற்றறிக்கையில் இருந்தது. அப்போது மருந்து கட்டுகிற அறை வாசலில் வாங்கில் ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அவளை எனக்குக் கண்டு தெரியும். தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள். புருசன் இல்லை. ஒரே மகளை விடத்தல்தீவில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கரையில் இருக்கிற கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுகிற வேலை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. அதோடு ஒரு திருக்கை முள் உள்ளங்காலில் ஏறி, அந்தப் புண் ஆறாமல் கிடந்தது. நாள் தவறாமல் பின்னேரம் நாலு மணிக்கு வந்து மருந்து கட்டிக்கொண்டு போவாள்.

குழுவுக்கு வரச் சொல்லிக் கேட்டபோது பயந்துபோனாள். "ஐயோ அண்ணை, நான் என்னத்தைக் கதைக்கப் போறன்? பெரிய ஆக்கள் இருக்கிற இடம்."

"ஒண்டும் கதைக்கத் தேவையில்லை தங்கச்சி, வந்து இருந்தாக் காணும்" என்றேன். பிறகு என் கந்தோர்ப் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்தப் பந்தியை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நீங்கள் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலே மேலே இருந்து ஆள் வந்து கேட்க வேண்டும், அவ்வளவு பெரிய இடம் உங்களுடையது என்றேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். "மெய்யாவோ அண்ணை? நான் சொன்னாலுமோ?" என்றாள். நான்தான் அதை அவள் மனத்தில் போட்டேன்.

கூட்டம் மூன்று மணிக்கென்றால் அவள் இரண்டரைக்கே வந்து கடைசிக் கதிரையில் இருப்பாள். வாடியிலிருந்து நேரே வருகிறபடியால் தன்னில் மீன் மணக்குமோ என்று கூச்சம், யன்னல் பக்கமாகவே இருப்பாள். முதல் இரண்டு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உடைந்திருப்பதைச் சொன்னாள். அடுத்ததில், துண்டு எடுக்க நிற்கிற இடத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது, கர்ப்பிணிப் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், ஒரு தகரம் போடலாமே என்றாள். எங்களில் நாலு பேர் கொப்பி போட்ட அன்றைக்கு மட்டும்தான் அந்த வரிசையில் நின்றவர்கள், மற்றவர்கள் அதுவும் இல்லை. எங்களுக்கு அது எப்படித் தெரியும்? தகரம் போட்டார்கள். டொக்டரே ஒருநாள் என்னிடம், "அவ ஒராள்தான் இஞ்ச நடக்கிறதைச் சொல்லுறா" என்றார்.

இனி என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறொரு சங்கத்தில் முன்பு ஒரு பிரச்சினைக்கு வாக்கெடுத்து, யார் ஆதரவு யார் எதிர் என்று பெயரோடு எழுதிவைத்தேன். அந்தக் கொப்பி கைமாறி ஊர் முழுக்கப் போயிற்று. சனம் அதை ஆள் ஆளாக வாசிக்கவில்லை, பக்கம் பக்கமாக வாசித்தது. இந்தப் பக்கத்தார் எல்லாம் எதிர், அந்தப் பக்கத்தார் எல்லாம் ஆதரவு என்று கணக்குப் பார்த்தார்கள். ஒரே கரையில் வள்ளம் இழுக்கிறவர்கள் மாதக்கணக்காக முகம் பார்க்காமல் திரிந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு முடிவெடுத்தேன். என் கொப்பிகளில் யாரும் யாரையும் எதிர்க்க மாட்டார்கள். கூட்டத்தில் கதிரை பறந்திருந்தாலும் நான் எழுதுவது "கலந்துரையாடப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றுதான். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. சிலாவத்துறைப் பக்கமிருந்தும் என்னைக் கேட்டு வந்தார்கள், சண்டை வராமல் எழுதத் தெரிந்த ஆள் என்று.

நான் சொல்ல வந்த கூட்டம் வழக்கம்போல வெள்ளி அல்லாத ஒரு நாளில் நடந்தது. வெள்ளியில் ஜும்ஆ இருப்பதால் நாங்கள் அன்றைக்கு வைக்க மாட்டோம். டொக்டர் களைத்த முகத்தோடு வந்தார். மருந்து கட்டுகிற இரண்டு தாதி மிஸ்ஸிமாரில் ஒருவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது, பதிலுக்கு ஆள் இல்லை, இருக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு காலையும் பின்னேரமும் அறையைத் திறக்க முடியாது, இனிக் காலையில் பன்னிரண்டு மணிவரைதான் என்றார். கையை விரித்துச் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

தலைவர் உடனே, "டொக்டர் சொன்னாச் சரிதானே, எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்களுக்குள் ஒரு பயம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். இவரையும் மனம் நோகப் பண்ணி அனுப்பிவிட்டால் இனி எந்த டொக்டர் இந்த மணலுக்குள் வந்து இருப்பார்?

யன்னல் பக்கத்திலிருந்து அவள் எழும்பினாள். "நான் சம்மதிக்கேல்ல" என்றாள்.

தலைவர் சிரித்தபடி, "இரும் தங்கச்சி, டொக்டரின்ர நிலைமையையும் பாக்கவேணும்" என்றார்.

"டொக்டரில எனக்கு ஒரு கோவமும் இல்லை ஐயா. அவர் தெய்வம் மாதிரி. ஆனா காலமை வள்ளம் வாற நேரம். மீன் வந்து இறங்கினா நாங்கள் மத்தியானம் வரைக்கும் வாடியை விட்டு அசையேலாது. ஒருநாள் போகாட்டி மற்ற நாள் வேற ஆளை எடுத்துப்போடுவினம். எனக்கு மட்டுமில்லை, வாடியில நிக்கிற எல்லாருக்கும் காலிலயும் கையிலயும் வெட்டுத்தான். பின்னேரக் கட்டு இல்லாட்டி நாங்கள் எங்க போறது? கிழமையில மூண்டு நாளாவது பின்னேரம் திறக்கேலாதோ எண்டு கேளுங்கோ." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணை, நான் சம்மதிக்கேல்ல எண்டு எழுதுங்கோ."

நான் தலையாட்டினேன். டொக்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து கூட்டறிக்கையை நல்ல கொப்பியில் எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சட்டம் தெரியும். அந்தக் குழுவில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் சொன்னதை இரண்டு வரியில் எழுதினால் போதும், மேல் கந்தோர் வந்தே ஆக வேண்டும். வந்து சனத்தைக் கேட்டிருந்தால் வேறெங்காவது இருந்து ஒரு மிஸ்ஸியைக்கூடத் தந்திருக்கலாம், கிழமைக்கு மூன்று பின்னேரம் என்றாவது வந்திருக்கலாம். ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. டொக்டர் ஒரு பக்கத்தார், அவள் இன்னொரு பக்கத்தாள். இதை எழுதினால் ஊர் எப்படி வாசிக்கும்? டொக்டர் தனக்கு எதிரான முறைப்பாடு என்று நினைத்து மாற்றம் கேட்டால்? இப்படியே யோசித்து யோசித்துப் பேனையைக் கொப்பியில் வைத்தேன். கை தன்பாட்டில் பழகின வரியை எழுதிற்று. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. எழுத்து அன்றைக்கும் வடிவாகத்தான் வந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஐந்து பேரின் கையெழுத்து வேண்டுமே. நாலு பேர் வாசிக்காமலே வைத்தார்கள், அது எங்கள் வழக்கம். அவளிடம் போக எனக்குக் கால் வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம்போலக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். அவள் காலில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உப்புத் தண்ணீர் வழிகிற நிலத்தில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணை, நான் சொன்னதை எழுதினீங்களோ?"

"எல்லாம் எழுதியிருக்குத் தங்கச்சி" என்றேன்.

அது பொய். அதை வேறு எந்தச் சொல்லாலும் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. கொப்பியில் மீன் தண்ணி பட்டுவிடும் என்று பயந்து அவள் அதைக் கையில் வாங்கவேயில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். காட்டிய இடத்தில் குனிந்து மெதுவாகக் கையெழுத்து வைத்தாள். முகாமில் இருந்த காலத்தில் அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை.

பின்னேரக் கட்டு நின்றது. அவள் சில நாள் காலையில் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பல நாள் வரவில்லை. வீட்டிலேயே கழுவிக் கட்டிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நொண்டி நொண்டி, முந்திய அறிக்கையை நான் வாசித்து முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். கூட்டம் முடிந்து விறாந்தையில் என்னை மறித்து, "அண்ணை, மேல் கந்தோரிலயிருந்து எப்ப வருவினம்?" என்று கேட்டாள்.

நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள். புண்ணையும் காலையும் அதற்காகத்தான் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

"வருவினம் தங்கச்சி, அதுக்கெல்லாம் நாள் எடுக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றேன். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லாதது போக, பொறுக்கவும் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அவள் பொறுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தாள். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட இருந்தபோது என் மனிசி சந்தையிலிருந்து வந்து கூடையைக்கூடக் கீழே வைக்காமல், "உங்கட கமிட்டிப் பிள்ளையை நேற்று மன்னார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினமாம், கால் கறுத்துப்போச்சாம்" என்றாள். நாலு நாளில் மற்றச் செய்தியும் வந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் மனிசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"கொப்பியைத் திருத்தி எழுதுங்கோ" என்றாள்.

"விசர்க் கதை கதையாதையும். அடுத்த கூட்டத்தில வாசிச்சு ஏற்றுக்கொண்ட அறிக்கையில பிறகு கை வைக்கேலாது."

"அதில கை வைக்கேலாது. அவளின்ர காலில வைக்கலாமோ?"

மனிசி உள்ளே போய்விட்டாள். சோறு காய்ந்துபோய் அப்படியே கிடந்தது.

மறுமாதக் கூட்டத்தில் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். எல்லோரும் பாவம் பாவம் என்றார்கள். தலைவர் பழங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தும் வந்தார், மோசமான மனிசன் என்று அவரைச் சொல்ல முடியாது. மூன்றாவது கூட்டத்தில் அவர் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கினார். அறிவிக்காமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத அங்கத்தவரின் இடம் வெற்றிடமாகும் என்று அதில் இருக்கிறது. "சட்டத்தை நாங்கள் மீறக்கூடாது. அவவுக்கும் இனி வந்து போறது கஷ்டம்தானே" என்றார். உண்மையில் அவளின் சுகவீனத்தை அறிவிக்கிற ஒரு வரி போதும், இடம் நின்றிருக்கும். அந்த வரியைச் செயலாளரே எழுதலாம். நான் எழுதவில்லை. அவள் அந்தக் கதிரையில் இல்லாவிட்டால் அவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று என் மனத்தின் ஒரு மூலை நினைத்தது. சீ, என்ன மனிசன் நான்! அவள் இடம் வெற்றிடமாகியது என்று எழுதினேன். அந்த இடத்துக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைப் போட்டார்கள். அவருக்கும் நானே கொப்பி போடுவித்தேன்.

நீக்கியதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை. பல நாள் அலுமாரியில் கிடந்தது. கடைசியில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே போனேன். இரண்டையும் சொல்லிவிடுவது, கொப்பியில் செய்ததையும் சொல்வது, கடிதத்தையும் கொடுப்பது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். விடத்தல்தீவிலிருந்து மகள் வந்து கூட நின்றாள். என்னைக் கண்டதும் தாயின் முகம் மலர்ந்தது. "வாங்கோ அண்ணை, வாங்கோ! பிள்ளை, அண்ணைக்கு ஒரு கதிரை எடுத்துப் போடு, தேத்தண்ணி வை." நான் இருக்கமுதல் அவளே கேட்டாள். "அடுத்த கூட்டம் எண்டைக்கு? ஓட்டோவுக்குச் சொல்லிவைக்கவேணும்."

நான் திகதியைச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்தேன். கடிதம் பையிலேயே இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

சொன்னபடி வந்தாள். மகள் ஒரு பக்கம் பிடிக்க, மறு கையில் ஊன்றுகோலோடு விறாந்தை மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். ஒன்பது கதிரையும் நிரம்பியிருந்தது. ஆசிரியை எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். தலைவர் என் பக்கம் குனிந்து, "கடிதம் குடுக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அவளுக்குத் தானே விளங்கப்படுத்தினார். இடம் வெற்றிடமாகிவிட்டது, சட்டம் அப்படி, மனம் வருந்த வேண்டாம் என்றார்.

அவள் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்து வைத்தாள். பிறகு, "அதுக்கென்ன ஐயா, நான் இடத்துக்காக வரேல்ல" என்றாள். "பின்னேரக் கட்டைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேக்க வந்தனான். என்ர கால் போட்டுது. வாடியில இன்னும் ரெண்டு பொம்பிளையளுக்குக் காலில புண். ஒருத்திக்குச் சீனியும் இருக்கு. நான் எதிர்த்து எழுதினதுக்கு மேலயிருந்து ஒருத்தரும் வரேல்ல. ஏன் வரேல்ல எண்டு கேளுங்கோ."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர், "நீங்கள் எங்க எதிர்த்து எழுதினீங்கள்?" என்று கேட்டார்.

நான் எழும்பினேன். "அவ எதிர்த்தவ. அண்டைக்கு இதே அறையில எழும்பி நிண்டு எதிர்த்தவ. நான்தான் எழுதேல்ல. ஏகமனதா எண்டு பொய்யா எழுதிப்போட்டன். அந்தத் தீர்மானம் செல்லாது. மேல் கந்தோருக்கு அறிவிக்கவேணும்" என்றேன். எத்தனையோ மாதமாக மனத்தில் கிடந்தது ஒரு மூச்சில் வெளியே வந்தது. சொல்லி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். முட்டாள்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. கொப்பியை இழுத்து, பக்கத்தைப் புரட்டி, என் வடிவான எழுத்தைச் சத்தமாக வாசித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். "எனக்கெண்டா அவ எதிர்த்த மாதிரி ஞாபகமில்லை" என்றார் ஒருவர். "ஏதோ கேட்டவதான், ஆனா பிறகு சம்மதிச்சதுதானே, புத்தகத்தில அப்பிடித்தானே இருக்கு" என்றார் இன்னொருவர். "செயலாளர் கவலையில கதைக்கிறார், விடுங்கோ" என்று மூன்றாமவர் என் தோளில் தட்டினார். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் கொப்பியை நம்பி நம்பியே ஞாபகத்தை வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். அப்படிப் பழக்கியது நான். டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார்.

தலைவர் எழும்பிப் போய்க் கொப்பியை அவள் மடியில் வைத்தார். "தங்கச்சி, நீங்களே பாருங்கோ. இது உங்கட கையெழுத்தோ?"

அவள் வாசித்தாள். இந்த முறை முழுவதும் வாசித்தாள். உதடு மெல்ல அசைந்தது, விரல் வரியோடு போய்க் கடைசியில் தன் கையெழுத்தில் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஓம். என்ர கையெழுத்துத்தான்" என்றாள். "அண்ணை வாடிக்குக் கொண்டு வந்தவர். நான் வாசிக்கேல்ல. அண்ணை எழுதினதை வாசிச்சுப் பாக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சன்."

கொப்பியை மூடி மகளிடம் கொடுத்தாள். மகள் அதை மேசையில் வைத்தாள். இருவரும் வெளியே போனார்கள். வாசலில் ஓட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு தலைவர் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

அன்றைய கூட்டறிக்கையை நான் அங்கேயே இருந்து எழுதினேன். அவள் சொன்ன எல்லாவற்றையும், நான் சொன்னதையும் சொல்லுக்குச் சொல் எழுதினேன். தலைவர் கையெழுத்து வைக்கமுதல் வாசித்துப் பார்த்தார். பேனையை எடுத்து அந்தப் பகுதி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். செயலாளர் தன் கதையை எழுத இடமில்லை, அங்கத்தவர் அல்லாத ஒருவர் பேசியதும் கூட்டறிக்கையில் வரக்கூடாது என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அவளை அங்கத்தவர் அல்லாதவளாக்கினதும் நான்தான்.